வண்டு செய்த காது

காலை ஒன்பதே கால் மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா போன் செய்தார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு அனுப்பறாங்களாம். மூணு பேரும் வந்துடுவோம்."

சித்தி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மேனேஜர் சோபா மேல் ஏறிக் குதிக்கத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு ஏழு வயது. யார் எங்கே உட்கார வேண்டும், எந்தத் துண்டு யாருடையது, பால் எத்தனை மணிக்குக் காய்ச்ச வேண்டும் என்று நாலு நாளாக வீட்டை அவள்தான் நடத்திக்கொண்டிருந்தாள். அதனால் சித்தி வைத்த பெயர் அது. நாலரை வயதுத் தம்பிக்கு வண்டு என்று பெயர். தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஏதாவது ஒன்றை ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பான்.

ஆனால் பாப்பா பிறந்த நாளிலிருந்து வண்டின் சத்தம் குறைந்திருந்தது. அப்பா போனில் படம் காட்டியபோது எட்டிப் பார்த்து, "சிகப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். அப்புறம் பாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதும் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சித்திக்கு வேலை நகரப் பேருந்து ஓட்டுவது. நாற்பதடி நீள வண்டியைச் சந்து முனையில் ஒரே திருப்பாகத் திருப்பிவிடுவாள். ஆனால் மேனேஜருக்கு இரட்டைச் சடை போடுவதற்குள் அவளுக்கு வியர்த்துவிடும். அக்காவின் பிரசவத்துக்காக ஐந்து நாள் லீவு போட்டு வந்திருந்தாள். இன்றோடு முடிகிறது.

"சித்தி, தொட்டிலுக்கு மேல தொங்க விட ஏதாவது செய்யணும்" என்றாள் மேனேஜர். "பாப்பா கண்ணத் தொறந்தா வெறும் சீலிங்தான் தெரியும். எவ்வளவு போர் அடிக்கும்!"

"கடைல போய் வாங்கிட்டு வந்துடலாமா?"

"கடைல வாங்கினா அது கடையோடது. நாமளே செய்யலாம். ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் உப்பு, ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் கம்மியா தண்ணி."

"ஒரு டம்ளர் உப்பா? யாருக்கு சமைக்கப் போறே, திமிங்கலத்துக்கா?"

"சாப்பிடறதுக்கில்ல சித்தி. பொம்மை செய்யறதுக்கு. உப்பு போட்டாத்தான் கெட்டுப் போகாது, கல்லு மாதிரி நிக்கும்."

மேனேஜர் அளந்து கொட்டினாள். சித்தி பிசைந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடு என்று மேனேஜர் சொல்லி முடிப்பதற்குள் சித்தி மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டதால், மாவு அவளுடைய பத்து விரல்களையும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. கையை உதறினாள். ஒரு கட்டி பறந்து போய் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியது. மேஜைக்கு அடியிலிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"இன்னும் மாவு போடுங்க, இன்னும் போடுங்க" என்று மேனேஜர் பரபரத்தாள். "காது மடல் எப்படி மெத்துனு இருக்கு? அந்தப் பதம் வரணும்னு டீச்சர் சொன்னாங்க."

சித்தி ஒரு கையால் மாவையும் மறு கையால் தன் காது மடலையும் பிடித்துப் பார்த்தாள். காதெல்லாம் மாவானது. மேனேஜரும் தன் காதைப் பிடித்துப் பார்த்து, "இன்னும் வரல" என்று தீர்ப்புச் சொன்னாள்.

மேஜை விரிப்பு விலகியது. வண்டின் தலை வெளியே வந்தது.

"என் காதத் தொட்டுப் பாருங்க. என்னோடதுதான் ரொம்ப மெத்துனு இருக்கும்."

சித்தி தொட்டாள். உண்மைதான். அந்தக் காதை அளவாக வைத்து இன்னும் பத்து நிமிடம் பிசைந்தார்கள். பிசையப் பிசைய மாவு கையை விட்டு வந்தது, வழுவழுப்பானது, தட்டினால் தொப்பை போலக் குலுங்கியது. "வந்துடுச்சு! என் காது வந்துடுச்சு!" என்று வண்டு கத்தினான். நாலு நாளில் அவன் போட்ட முதல் கூச்சல் அது. சித்திக்குக் கேட்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

வீட்டில் ஒருவருக்கு ஒரு பொம்மை என்று மேனேஜர் அறிவித்தாள். அம்மா தையல்காரி, அதனால் கத்தரிக்கோல். அப்பா பெயர்ப்பலகை எழுதுகிறவர், அதனால் தூரிகை. சித்திக்குப் பஸ். மேனேஜருக்கு நட்சத்திரம். பாப்பாவுக்குப் பிறை நிலா. மாவை உருட்டிப் பரப்பி, கத்தி முனையால் கீறி எடுத்தார்கள். கத்தரிக்கோலின் ஒரு கால் இரண்டு முறை ஒடிந்து மூன்றாவது முறை நின்றது. சித்தி செய்த பஸ்ஸில் சக்கரங்கள் வண்டியைவிடப் பெரிதாக இருந்தன. நூல் கோப்பதற்காக ஒவ்வொன்றின் உச்சியிலும் ஸ்ட்ராவால் ஒரு ஓட்டை போட்டார்கள்.

வண்டு தனக்குக் கிடைத்த உருண்டையை வைத்துக்கொண்டு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கட்டை விரலால் அழுத்தினான், தன் காதைத் தடவிப் பார்த்தான், மறுபடி அழுத்தினான். கால் மணி நேரம் கழித்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தான்.

"இது என்னடா, உருளைக்கிழங்கா?" என்றாள் மேனேஜர்.

"காது."

"உனக்கு நட்சத்திரமோ யானையோ செய்யணும். யாராவது காது செய்வாங்களா?"

"நான் பேசினா இந்த வீட்ல எல்லாரும் 'அப்புறம், அப்புறம்'னு சொல்றாங்க" என்றான் வண்டு. "பாப்பாவுக்குப் பேச வராது. கேக்க மட்டும்தான் வரும். அதான் பாப்பாவுக்குக் காது."

அன்று காலை மட்டும் தான் எத்தனை 'அப்புறம்' சொன்னோம் என்று சித்தி யோசித்துப் பார்த்தாள். அந்த உருளைக்கிழங்கைத் தட்டின் நடுவில் நகர்த்தி வைத்து, மேலே ஓட்டை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

பதினோரு மணிக்கு அடுப்படியிலிருந்த மின்சார ஓவனைப் போட்டார்கள். அது 'டப்' என்றது. கருகிய நாற்றம் வந்தது. அதோடு சரி. உள் விளக்கும் அணைந்துவிட்டது. வெளியே வெயிலும் இல்லை, வானம் அழுக்குத் துணி போலத் தொங்கியது.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தாள். "ரெண்டு மூணு மணி நேரம் மெதுவா வேகணும் சித்தி. அப்புறம் ஆறணும், பெயின்ட் அடிக்கணும், காயணும். அஞ்சு மணிக்குள்ள எப்படி?"

"தெரு முனைல ஒரு ஊருக்கே ரொட்டி சுடற அடுப்பு இருக்கு. செருப்பப் போடு" என்றாள் சித்தி.

பேக்கரிக்காரர் மலை மாதிரி ஆள், குரல் மட்டும் புறா மாதிரி. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக விசாரித்தார். பஸ்ஸைப் பார்த்து, "லாரியா?" என்று கேட்டு சித்தியிடம் முறைப்பு வாங்கினார். வண்டு செய்ததைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார்.

"காது" என்றான் வண்டு.

"அட, காதேதான்!" என்றார் அவர். "காலைல ரொட்டி எடுத்தாச்சு, அடுப்பு இப்ப தணிஞ்சிட்டு இருக்கு. இதுக்கு அந்தச் சூடுதான் சரி. ரெண்டு மணிக்கு மேல வாங்க."

மூன்று மணி நேரம் எப்படிப் போனதென்று கேட்டால், போகவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பிட்டார்கள், தொட்டிலைத் துடைத்தார்கள், மறுபடி துடைத்தார்கள். இரண்டே கால் ஆவதற்குச் சற்று முன்னால் பேக்கரிக்குள் நுழைந்தபோது கல்லாவில் பேக்கரிக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். பேக்கரிக்காரர் பின்பக்கம் மாவு மூட்டை இறக்கப் போயிருந்தார். தட்டு கண்ணாடிப் பெட்டி மேல் இருந்தது. கத்தரிக்கோல், தூரிகை, பஸ், நட்சத்திரம், நிலா. பொன்னிறத்தில் கல் மாதிரி வெந்திருந்தன.

"என் காது எங்கே?" என்றான் வண்டு.

பேக்கரிக்காரர் மனைவி சிரித்தார். "உன் காதா? தலைல பாரு கண்ணு, பத்திரமா இருக்கு."

"அக்கா, இந்தத் தட்டுல ஆறு இருந்துச்சு" என்றாள் சித்தி. "ஒண்ணு, கொஞ்சம் குண்டா, நடுல குழியா…"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "அந்தப் பிஸ்கட்டா? அவர் ஏதோ புதுசா போட்டுப் பாக்கறார்னு நெனச்சேனே! இப்பதான் பல் டாக்டரம்மா வந்தாங்க, எப்பவும் வாங்கற பிஸ்கட் வாங்கினாங்க. சும்மா ருசி பாருங்கன்னு அதையும் ஒரு பையில போட்டுக் குடுத்துட்டேன்."

"எப்ப?"

"அஞ்சு நிமிஷம்கூட ஆகல. பன்னெண்டாம் நம்பர் பஸ்ல ஏறிப் போனாங்க."

வண்டு அழவில்லை. அதுதான் சித்தியை என்னவோ செய்தது. அவன் மெல்ல மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

பன்னெண்டாம் நம்பர்! சித்தி கண்ணை மூடினாள். இரண்டு வருடம் அந்தத் தடத்தில் வண்டி ஓட்டியவள் அவள். தெரு முனையில் ஏறினால் மார்க்கெட்டைச் சுற்ற வேண்டும். மார்க்கெட் சிக்னலில் இரண்டு தடவை சிவப்பு விழாமல் எந்த டிரைவரும் தப்பியதில்லை. அப்புறம் பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, பாலம். பின் சந்து வழியாகப் போய்ப் படிக்கட்டு ஏறினால் பாலத்து ஸ்டாப் பத்தே நிமிடம்.

போனை எடுத்தாள். டிரைவரிடம் நேராகப் பேச முடியாது. ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது. வயர்லெஸ்ஸில் எல்லா வண்டிகளோடும் பேசும் டிப்போ கன்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டாள். அங்கே இருந்தவர் பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூடச் சிரித்ததாகச் சரித்திரம் இல்லாத அதிகாரி.

"சார், பன்னெண்டுல ஒரு பல் டாக்டரம்மா போறாங்க. அவங்க பையில ஒரு காது இருக்கு."

எதிர்முனையில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "யாரோட காது?"

"என் அக்கா பையன் செஞ்சது சார். உப்பு மாவுல. பாக்கப் பிஸ்கட் மாதிரி இருக்கும். அவங்க சாப்பிட்டுடாம இருக்கணும். பாலத்து ஸ்டாப்புக்கு நான் ஓடி வர்றேன். புதுசா பொறந்த பாப்பாவுக்கு சார்."

"லீவுல இருக்கும்போதும் நிம்மதியா விட மாட்டியாம்மா நீ?" என்றார் அவர். "ஓடு."

சித்தி வண்டைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டாள். மேனேஜர் ஏற்கெனவே வாசலில் நின்றாள். ஓடினார்கள்.

பின் சந்தில் ஈரத் துணிகள் முகத்தில் அறைந்தன. ஒரு போர்வையைக் கிழித்துக்கொண்டு போவது போல சித்தி நுழைய, மேலே உட்கார்ந்திருந்த வண்டின் தலையில் யாரோ ஒருவருடைய பனியன் மாட்டிக்கொண்டது. "நில்லுங்க, நில்லுங்க, பனியன்!" என்று அவன் கத்த, மேனேஜர் திரும்பி வந்து பிடுங்கிக் கொடியில் போட்டாள், க்ளிப்பும் மாட்டினாள். அவசரத்திலும் அவளுக்கு ஒழுங்கு வேண்டும். சைக்கிள் கடைக்காரர் விரித்து வைத்திருந்த டயர்களைத் தாண்டினார்கள். "என்னம்மா தீ விபத்தா?" என்று அவர் எழுந்து நின்றார். "இல்லண்ணே, காது!" என்றாள் சித்தி.

படிக்கட்டு வந்தது. எண்பது படிக்கு மேல் இருக்கும். முப்பதாவது படியில் சித்திக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்தே வண்டி ஓட்டும் கால்கள். வண்டு தோளிலிருந்து வழுக்கி இறங்கினான்.

"நானே ஓடறேன் சித்தி. நீங்க வாங்க."

அவன் இரண்டு கையையும் ஊன்றி நாலு கால் பாய்ச்சலில் ஏறினான். மேலே நின்ற மேனேஜர், "பஸ் தெரியுது! தண்ணித் தொட்டிகிட்ட வருது! வாங்க, வாங்க!" என்று குதித்தாள்.

மூன்று பேரும் பாலத்து ஸ்டாப்பில் போய் விழுந்த அதே நேரத்தில் பன்னெண்டாம் நம்பர் வந்து நின்றது. வண்டியின் இடது பக்க ஜன்னல் எல்லாவற்றிலும் தலைகள். கதவு திறந்தது. டிரைவர் முகமெல்லாம் பல்லாக இருந்தார்.

"கன்ட்ரோல் ரூம் சொன்னத அப்படியே மைக்ல சொல்லிட்டேன்க்கா. 'பயணிகளின் கனிவான கவனத்துக்கு. வண்டியில் பயணம் செய்யும் பல் டாக்டர், பையில் உள்ள காதைச் சாப்பிட வேண்டாம்.'"

முன்சீட்டில் ஒல்லியாக, நரைத்த கொண்டையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மடியில் காகிதப் பை. அவர் பக்கத்து சீட் காலி.

"அந்த சீட்டுல உக்காந்திருந்தவர் அறிவிப்பக் கேட்டதும் பின்னாடி ஓடிட்டார்" என்றார் டாக்டரம்மா. "நான் அதுக்குள்ள ஒரு கடி கடிச்சாச்சு. உப்புன்னா உப்பு, அப்படி ஒரு உப்பு! துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல. என்னடா இதுன்னு முழிச்சிட்டு இருக்கேன், ஸ்பீக்கர்ல காதுங்கறாங்க. எனக்கு உயிரே போயிடுச்சு."

பையிலிருந்து எடுத்து நீட்டினார். மற்றவற்றைவிடக் குண்டாக இருந்ததால் உள்ளே முழுக்க வேகாத அதன் ஓரத்தில் ஒரு பக்கம் அரைவட்டமாகப் போயிருந்தது. பல் பட்ட தடம் வரிசையாகத் தெரிந்தது.

வண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். திருப்பிப் பார்த்தான். விரலால் அந்தக் கடிவாயைத் தடவினான். பிறகு தன் காதைத் தடவினான். சித்தி மண்டியிட்டு உட்கார்ந்து, "கண்ணா, சின்னதாத்தான் போயிருக்கு, நாம ஒட்டிடலாம்…" என்று ஆரம்பித்தாள்.

"சித்தி!" என்றான் வண்டு. கண் இரண்டும் பெரிதாகியிருந்தன. "இப்பதான் நிஜக் காது மாதிரி இருக்கு!"

சித்தி பார்த்தாள். மேனேஜர் பார்த்தாள். டிரைவர் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆமாம். மேலே அகலமாக இருந்த உருளைக்கிழங்கு, கடிபட்ட இடத்தில் உள்வாங்கி, கீழே சின்னதாக ஒரு மடலோடு முடிந்திருந்தது. அச்சு அசலாகக் காது.

"முப்பது வருஷமா பல்லுக்கு வடிவம் குடுத்துட்டு இருக்கேன்" என்றார் டாக்டரம்மா. "காதுக்கு இதுதான் முதல் தடவை."

பஸ்ஸே சிரித்தது. பின்னால் ஓடிப்போன மனிதர் கூச்சத்தோடு முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். எல்லாரும் பார்க்க வேண்டும் என்று வண்டு காதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். "சீக்கிரம் போங்கப்பா, பாப்பா வந்துடப் போகுது" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

பேக்கரியில் மற்ற ஐந்தையும் எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது மூன்றே கால். பேக்கரிக்காரர் மனைவி மன்னிப்புக் கேட்டு மாளாமல் ஒரு பெரிய ரொட்டியைக் கையில் திணித்திருந்தார். அப்பாவின் அலமாரியிலிருந்து பெயின்ட் டப்பாக்கள் இறங்கின. கத்தரிக்கோலுக்கு வெள்ளி, தூரிகைக்குப் பச்சை, பஸ்ஸுக்குச் சிவப்பு. நட்சத்திரத்துக்கு எந்த மஞ்சள் என்று மேனேஜர் ஐந்து நிமிடம் யோசித்தாள். வண்டு காதுக்கு நீலம் அடித்தான். ஏன் நீலம் என்று யாரும் கேட்கவில்லை, நேரமில்லை. சித்தி ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காய வைத்தாள். பஸ் மட்டும் அவசரத்தில் ஒரு பக்கம் வழிந்து, மழையில் போவது போல ஆனது.

அம்மாவின் தையல் அறையிலிருந்து ஒரு பெரிய துணி ஹேங்கரும் கெட்டி நூலும் எடுத்தார்கள். ஆறையும் கட்டித் தொட்டில் மேல் மாட்டியதும் ஹேங்கர் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. காது கனமாக இருந்தது.

மணி நாலே முக்கால். மேனேஜர் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். காதை நடுவுக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். நடுவில் தொங்கியது அவளுடைய நட்சத்திரம். காலையிலிருந்து அந்த இடம் தனக்கு என்று சொல்லிவந்தவள் அவள். ஒரு பெருமூச்சு விட்டாள்.

"இத ஓரத்துக்கு மாத்துங்க சித்தி. காத நடுல போடுங்க."

மாற்றினார்கள். ஹேங்கர் மெல்ல ஆடி, ஆடி, நேராக நின்றது. கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்க!"

படிக்கட்டில் இருவரும் உருண்டு விழாத குறை. அப்பா இரண்டு பைகளோடு வந்தார். அம்மா ஒவ்வொரு படியாக, வெள்ளைத் துணிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். தொட்டிலருகே வந்ததும் நின்றுவிட்டாள்.

"இது எல்லாம் யாரு செஞ்சது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். காது, பஸ், டாக்டர், உப்பு, பனியன் என்று துண்டு துண்டாகத் தெறித்தது. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு காதக் கடிச்சாங்க?" என்று மூன்று முறை கேட்டார். அம்மா சிரித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே மறுபடி சிரித்தாள். பாப்பாவைத் தொட்டிலில் கிடத்தினார்கள். அது கண்ணைத் திறந்து மேலே எதையோ பார்த்தது, ஒரு பெரிய கொட்டாவி விட்டது.

"கிண்ணத்துல இன்னும் மாவு இருக்கு" என்றாள் மேனேஜர் திடீரென்று. "அம்மா, பாப்பாவோட கால அதுல பதிக்கலாமா? ஒரே ஒரு கால்!"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி ஏற்கெனவே மாவை உருட்டித் தட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா பாப்பாவைக் கையில் ஏந்தினார். சித்தி மாவைத் தட்டில் வைத்துப் பிடித்தாள். குளிர்ந்த மாவு உள்ளங்காலில் பட்டதுதான் தாமதம், பாப்பா வீடே அதிரும்படி வீறிட்டது. "அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று எல்லாரும் ஒரே சமயத்தில் சமாதானம் சொன்னார்கள். அம்மா கால் இடுக்கிலிருந்த மாவை ஈரத் துணியால் துடைத்தாள். மேனேஜர் விரல்களை எண்ணினாள். ஐந்தும் விழுந்திருந்தன. சுண்டு விரல் ஒரு கடுகளவு.

வண்டு அந்தத் தடத்தைக் குனிந்து பார்த்தான். பிறகு அவசரத்தில் கழற்ற மறந்திருந்த தன் செருப்பைக் கழற்றினான். யாரையும் கேட்காமல், பக்கத்திலிருந்த மாவில் தன் காலை வைத்து முழு பலத்தோடு அழுத்தினான்.

இரண்டு தடமும் அருகருகே இருந்தன. அவன் பாப்பாவின் பக்கம் திரும்பினான்.

"பயப்படாதே" என்றான். "பக்கத்துல இருக்கு பாரு, என்னோட கால்."